எதிர்வீட்டுச் சாட்சி

கலையரசிக்கு ஜெயப்ரியாவைக் கண்டால் ஆகாது. இது தெருவுக்கே தெரிந்த சங்கதி. ஏனாத்தூர் போகிற சாலையிலிருந்து உள்ளே பிரியும் அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம், தண்ணீர் எப்போது வரும், குப்பை வண்டி எங்கே நிற்கும் என்று சொல்கிற கையோடு இதையும் யாராவது சொல்லி வைத்துவிடுவார்கள். பின்னே, தெரியாமல் ஒருத்தியிடம் இன்னொருத்தியைப் புகழ்ந்து தொலைத்தால் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

ஏன் ஆகாது என்று கேட்டால் கலையரசியால் ஒரு காரணம் சொல்ல முடியாது, ஒரு மூட்டை சொல்வாள். இரண்டு பேரும் ஒரே வருடத்தில் கல்யாணமாகி எதிரெதிர் வீட்டுக்கு வந்தவர்கள். ஒரே மழைக்காலத்தில் பிள்ளை பெற்றவர்கள். கலையரசிக்கு வயிற்றைக் கீறி எடுத்தார்கள். ஜெயப்ரியா ஆஸ்பத்திரிப் படியேறியதும் பெற்றுப் போட்டுவிட்டாள். கலையரசி நட்ட முருங்கை கம்பளிப்பூச்சி பிடித்துப் பட்டுப்போனது. எதிர்வீட்டு முருங்கை ஊருக்கே காய் கொடுத்தது. கலையரசியின் புருஷன் ராமராஜன் பெயிண்டர். கோயிலுக்குப் போகிற சட்டையில்கூட எங்கேயாவது ஒரு சொட்டு டிஸ்டெம்பர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜெயப்ரியாவின் புருஷன் அருள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, தலையை வழித்து வாரிக்கொண்டு, தெருமுனையில் நிற்பான். கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். அந்த ஹாரன் சத்தம் தினமும் கலையரசியின் வயிற்றில் போய் இறங்கும்.

போன தை மாதம் திருப்புட்குழி பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போன ராமராஜன் சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்பு எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து கட்டிலோடு கட்டிலாக அனுப்பி வைத்தார்கள். இனிமேல் சாரம் ஏறுவது என்ற பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கலையரசி அழுதாள், புலம்பினாள், எல்லாம் செய்தாள். ஆனால் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டுமென்றால், அந்தத் துயரத்துக்குள் அவளுக்கு ஒரு சின்ன சுகமும் இருந்தது. தெருவே அவள் வீட்டு வாசலில் நின்றது. ஹார்லிக்ஸ் பாட்டில், ரொட்டி, ஆரஞ்சுப் பழம் என்று அலமாரி நிறைந்தது. ‘பாவம் கலை, எப்படித்தான் தாங்கறாளோ’ என்று ஜெயப்ரியாவின் காதில் விழும்படி நாலு பேர் சொன்னார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக, எதிர்வீட்டில் இல்லாத ஒன்று தன் வீட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

அதுவும் நிலைக்கவில்லை. சித்திரை வெயிலில் ஒரு நாள், கம்பெனி மிஷினில் அருளின் வலது கை சிக்கியது. மணிக்கட்டோடு போய்விட்டது. அவ்வளவுதான், ஹார்லிக்ஸ் பாட்டில்கள் எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நடந்தன. ராமராஜனின் இடுப்பு ஒரே வாரத்தில் பழைய செய்தியாகிப்போனது.

“கை போனா இன்னா? கால் ரெண்டும் இருக்குது இல்ல? எழுந்து நடக்கலாம் இல்ல?” என்று கலையரசி தன் புருஷனிடமே கேட்டாள். கட்டிலில் கிடந்தவன் வாயைத் திறக்கவில்லை. அவன் வாயைத் திறக்காத அபூர்வமான வேளைகளில் அது ஒன்று.

அதைவிட அவளை அரித்தது ஜெயப்ரியாவின் கோலம். புருஷன் கை போன வீடு அழுது வடிய வேண்டாமா? இவள் மடிப்புக் கலையாத சேலையும் தலையில் பூவுமாகத் தண்ணீர் பிடிக்க வருகிறாள். சிரித்துப் பேசுகிறாள். இதெல்லாம் போதாதென்று, நடுமத்தியானத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே சாப்பிட்டுவிடும். வீட்டில் இருப்பது புருஷனும் பெண்டாட்டியும். தெருவில் எல்லா வீட்டுக் கதவும் காற்றுக்காகத் திறந்து கிடக்கிற வேளையில் அந்த ஒரு கதவு மட்டும் ஏன் மூட வேண்டும்? கலையரசி யோசித்து யோசித்து இரண்டு காரணம் கண்டுபிடித்தாள். ஒன்று, கை போனதற்குக் கம்பெனிக்காரன் கொடுத்த பணத்தில் கறியும் மீனுமாக வாங்கி, யாருக்கும் கிண்ணத்தில் கொடுக்காமல் தாங்களே தின்கிறார்கள். இன்னொன்றை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் வயிறு எரிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த நாஷ்டா வேலை வந்தது.

தெருக்கோடி அரசுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைத்துப்போட ஓர் ஆள் வேண்டும். விடிந்ததும் போய் உப்புமாவோ பொங்கலோ கிண்டிப் பரிமாறிவிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தால் திரும்பிவிடலாம். பகல் முழுக்க வீட்டோடு இருக்கலாம். மகளிர் குழுவிலிருந்து ஒரு பெண்ணின் பெயரைச் சொல்ல வேண்டும். கஷ்டப்படுகிற பெண்ணாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

கலையரசிக்கு அது உயிர்ப் பிரச்சினை. சேலைக்குக் குச்சு கட்டுவதுதான் அவளுக்குத் தெரிந்த தொழில். பட்டுச் சேலையின் முந்தானை ஓரத்து நூல்களை முறுக்கி முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுகிற வேலை. கல்யாணக் காலத்தில் கை ஓயாது; மற்ற மாதங்களில் ஈ ஓட்ட வேண்டும். அதை மட்டும் நம்பி வாடகை வீட்டில் இருக்க முடியாது. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் வீட்டைக் காலிசெய்து, புருஷனையும் மகள் தீபிகாவையும் கூட்டிக்கொண்டு மாகறலில் அண்ணன் வீட்டுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். அண்ணி கதவைத் திறப்பாள், திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதை நினைத்தாலே கலையரசிக்குச் சோறு இறங்கவில்லை.

குழுவில் வேலை கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கலையரசி. இன்னொருத்தி யார் என்று சொல்ல வேண்டுமா?

குழுத் தலைவி பெரியநாயகி ஏனாத்தூரில் நிலம் உள்ள குடும்பம். யார் அழுதாலும் கலங்காத மனுஷி. முன்பெல்லாம் குழுவில் எதைக் கொடுப்பதென்றாலும் ஆளாளுக்குத் தங்கள் கஷ்டத்தைச் சொல்லி அழுவார்கள். யார் அதிகமாக அழுகிறார்களோ அவர்களுக்குக் கிடைக்கும். அழத் தெரியாதவள் வெறுங்கையோடு போவாள். இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் அவள் ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். தன் கஷ்டத்தை யாரும் தானே சொல்லக் கூடாது. எதிர்வீட்டுக்காரி சொல்ல வேண்டும். எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவள் கணக்கு. இத்தனை காலமும் அந்த வழக்கம் நன்றாகத்தான் ஓடியது. இந்த முறைதான் எதிரெதிர் வீட்டுக்காரிகள் இரண்டு பேருமே வேலை கேட்டு வந்து நின்றார்கள்.

“அதனால இன்னா? வழக்கம் வழக்கம்தான். கலை கஷ்டத்தை ஜெயா சொல்லட்டும், ஜெயா கஷ்டத்தை கலை சொல்லட்டும். வெள்ளிக்கிழமை காலையில கூட்டம்” என்று பெரியநாயகி சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த கலையரசி கொதித்தாள். “என் பொழப்பை அவ வாயில குடுத்துட்டாங்க பாரு! அவ நல்லது சொல்லுவாளா? நானா இருந்தா சொல்லுவனா?”

“நீ சொல்ல மாட்ட” என்றான் ராமராஜன்.

“வாயை மூடிக்கினு கெட!”

யோசித்துப் பார்த்ததில் அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் நடப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ‘கஷ்டம் கஷ்டம்னு சொல்றவங்க மத்தியானம் கதவைச் சாத்திக்கினு கறி தின்றாங்க, நான் என் கண்ணால பார்த்தேன்’ என்று கூட்டத்தில் ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை போதும்.

மறுநாள் மத்தியானம் “மாவு கடன் கேட்டுட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். எதிர்வீட்டுக்கும் அதை ஒட்டிய தறிக்கூடத்துக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துப் போகிற மாதிரி ஒரு சந்து. தறிச் சத்தத்தில் காலடி கேட்காது. அப்படியும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தாள். கறி வாசனை வரவில்லை. வெறும் ரசம். சரி, இரண்டாவது காரணம்தான் போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பின்பக்க ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

அருள் சுவரில் சாய்ந்து சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். வலது முழங்கைக்குக் கீழே துண்டு சுற்றியிருந்தது. இடது கையைத் தொடைக்கு அடியில் திணித்து, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். எதிரே ஜெயப்ரியா தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள். ஓர் உருண்டை எடுத்து அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ஸ்பூனாவது வெச்சிக்கோயேன்பா” என்றாள்.

“ஸ்பூனை எந்தக் கையால பிடிக்கிறது? பீச்சாங்கை பீச்சாங்கைதான். என் பசங்க எதிர்ல அந்தக் கையால தின்னணுமா நான்?”

“பசங்க இல்ல. கதவு சாத்தித்தான் இருக்குது. யாரும் வர மாட்டாங்க. ரெண்டு வாய்.”

அவன் திரும்பவில்லை. ஜெயப்ரியா கொஞ்ச நேரம் உருண்டையைப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு, தெருவில் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டாள்.

“எதிர்வீட்டுல காலையில எதுக்குச் சண்டை தெரியுமா? அண்ணன் கட்டில்லருந்து ஊன்றுகோலை நீட்டி ஃபேன் சுவிட்சைப் போட்டிருக்கிறாரு. சுவிட்சு உடைஞ்சி உள்ள போயிட்டுது. கலை உள்ளேருந்து ஓடியாந்து, ‘யோவ், கொம்பு சுத்த வேற இடம் கிடைக்கலையா’ன்னு...”

கலையரசியின் குரலில் அப்படியே பேசினாள் அந்தப் பாவி. அருளின் தலை மெல்லத் திரும்பியது.

“அப்புறம்?” என்றான். வாயைத் திறந்தான். உருண்டை உள்ளே போனது.

“அப்புறம் இன்னா, அவரு விடுவாரா? ‘நீ ஃபேன் போட்டிருந்தா நான் ஏன் கொம்பு சுத்தறேன்’னாரு. அவ கரண்டியை எடுத்துக்கினு வந்தா...”

“அப்புறம்?”

கலையரசி ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்தாள். செருப்பைப் போட மறந்து வெயிலில் வெறுங்காலோடு தெருவைக் கடந்து வீட்டுக்கு வந்தாள்.

அவள் உருகிப்போனாள் என்று நினைத்தால் அவளை உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அவளுக்கு வந்தது ஆத்திரம். தன் வீட்டுச் சண்டையைத் தொட்டுக்கொண்டு அங்கே சோறு ஊட்டுகிறாள்! ஆயுதம் எடுக்கப் போன இடத்தில் கையில் இருந்ததும் பறிபோய்விட்டது. தன் கஷ்டத்தைவிட அவள் கஷ்டம் பெரியது என்பது கண்ணுக்குத் தெரிந்துபோயிற்று. இதிலேயும் அவள்தானா? மனுஷியாகப் பிறந்தவளுக்கு ஒரு கஷ்டத்தில்கூட முதல் இடம் கிடையாதா? சொல்லாமல் விட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். ‘கை போச்சு, வேலை போச்சு, மத்தபடி நல்லாத்தான் இருக்கிறாங்க’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். பொய்யும் இல்லை, பாவமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ரேஷன் கடைக்குப் பக்கத்திலிருக்கும் சமுதாயக் கூடத்தில் கூட்டம். பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மணியம்மாள், தெருவிலேயே அதிக வாய்நீளம் உள்ளவள், இன்றைக்கு ஒரு வேடிக்கை உண்டு என்று முன்வரிசையில் இடம்பிடித்திருந்தாள்.

“ஜெயா, நீ முதல்ல சொல்லு” என்றாள் பெரியநாயகி.

ஜெயப்ரியா எழுந்து நின்றாள். பூ வைத்திருந்தாள். கலையரசி தரையைப் பார்த்துக்கொண்டாள்.

“ராமராஜன் அண்ணன் விழுந்ததுலருந்து கலை உட்கார்ந்து நான் பார்த்தது இல்லக்கா. அவர் உடம்பு கனம். அவரை ஒருத்தியாத் தூக்கி, திருப்பி, துடைச்சி, அப்புறம்தான் குச்சு கட்ட உட்காருவா. நூல் முறுக்கும்போது மறுநுனியை எல்லாரும் சுவத்து ஆணியில மாட்டுவாங்க இல்ல? இவ மாட்ட மாட்டா. கட்டில்ல இருக்கிறவர் கையில குடுத்துப் பிடிக்கச் சொல்லுவா. சும்மா கெடக்கிறோம்னு அவருக்குத் தோணக் கூடாது இல்லக்கா, அதுக்கு.”

கூட்டத்தில் ‘அடடா’ என்று யாரோ சொன்னார்கள். கலையரசிக்குக் காது சூடானது. உண்மை என்னவென்றால், அந்த ஆணி எப்போதோ சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்துவிட்டது. திரும்ப அடிக்கச் சோம்பல்பட்டுத்தான் நுனியை அவன் கையில் கொடுத்திருந்தாள். ஆனால் ஜெயப்ரியா சொன்ன பிறகு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஓர் ஆணி அடிக்க எவ்வளவு நேரமாகும்? இத்தனை மாதமாக ஏன் அடிக்கவில்லை? நூலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ராமராஜன் ‘இழு, இழு, தொய்யுது பாரு’ என்று மேஸ்திரி மாதிரி அதட்டுவானே, அது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்ததோ?

“எந்நேரமும் சண்டை போட்டுக்கினு இருக்கிறாங்கன்னு எல்லாரும் சொல்லுவீங்க” என்று ஜெயப்ரியா தொடர்ந்தாள். “இவ கத்துவா, அவரு திருப்பிக் கத்துவாரு. நோயாளியை யாராவது அந்த மாதிரி திட்டுவாங்களான்னு நானும் நெனைச்சிருக்கிறேன். இப்பதான் புரியுது. அந்த வீட்டுல நோயாளின்னு யாரும் இல்லக்கா. புருஷன் பொண்டாட்டிதான் இருக்கிறாங்க.” அவள் கொஞ்சம் நிறுத்தினாள். “எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டாப் பொறாமையா இருக்கும். என் வீட்டுல சத்தமே இல்ல.”

மணியம்மாள் சிரிக்க வாயெடுத்தவள் அப்படியே அடக்கிக்கொண்டாள். ஜெயப்ரியா உட்கார்ந்தாள். “கலைக்கே குடுங்கக்கா” என்று உட்கார்ந்தபடி சொன்னாள்.

கலையரசி எத்தனை வருடமாக இதற்காகக் காத்திருந்தாள்! ஜெயப்ரியா தன்னைப் பார்த்து ஒரு நாளாவது வயிறெரிய வேண்டும் என்று எத்தனை விளக்கு ஏற்றியிருப்பாள்! இதோ, ஊர் கூடிய இடத்தில் அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். கேட்டதும் இனித்திருக்க வேண்டும். ஆனால் இனிக்கவில்லை. கோபம்தான் வந்தது. தன்னைப் பற்றி இவ்வளவு நன்றாகச் சொல்லிவிட்டாளே, இப்போது ‘மத்தபடி நல்லாத்தான் இருக்கிறாங்க’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் யார் சின்னவளாகத் தெரிவார்கள்?

“கலை, நீ சொல்லு.”

எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“அருளுக்குக் கை போச்சு. சோத்துக்கை. அது எல்லாருக்கும் தெரியும்” என்று ஆரம்பித்தாள். குரல் தேவைக்கு அதிகமாகவே உரத்து வந்தது. “இவ தலையில பூ வெச்சிக்கினு சிரிச்சிக்கினு போறா, இவளுக்கு இன்னா கஷ்டம்னு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டேன். மத்தியானம் கதவைச் சாத்திக்கிறாங்களே, இன்னா ரவுசுன்னு நாமெல்லாம் பேசினோம். பேசினோமா இல்லையா? மணியம்மாக்கா, நீ பேசினியா இல்லையா?”

மணியம்மாள் கூரையைப் பார்த்தாள்.

“அந்தக் கதவு ஏன் சாத்தியிருக்குதுன்னு எனக்குத் தெரியும்” என்றாள் கலையரசி.

ஜெயப்ரியாவின் முகம் வெளுத்துப்போனது. இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள். கலையரசி அவளைப் பார்த்தாள். பத்து வருடத்தில் இப்படி ஒரு முகத்தை அவளிடம் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். சாயங்காலத்துக்குள் அந்த வார்த்தை தெரு முழுக்கப் போய், அருளின் காதிலும் விழும். பிறகு அவன் சாத்திய கதவுக்குப் பின்னாலும் வாயைத் திறக்க மாட்டான்.

“சொல்லும்மா, ஏன்?” என்றாள் பெரியநாயகி.

“சொல்ல மாட்டேன்.”

“சொல்லலன்னா எப்படி? எதிர்வீட்டுக்காரி சொல்லணும்ன்றதுதான வழக்கம்?”

“வழக்கம் கெடக்குது. அது ஒரு வீட்டுக்குள்ள இருக்க வேண்டியது. வெளியில கொண்டாந்து வெக்க மாட்டேன்.” கலையரசிக்கு மூச்சு வாங்கியது. “ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. எனக்கு இவளைக் கண்டா ஆகாது. கல்யாணமாகி வந்த நாள்லருந்து ஆகாது. உங்க எல்லாருக்கும் தெரியும். இவ வாசல்ல போட்ட கோலம் நல்லா இருந்தா எனக்கு அன்னிக்கு முழுக்க சோறு இறங்காது. இந்த வேலை இல்லன்னா நான் மாகறலுக்கு மூட்டை கட்டணும், அதுவும் தெரியும். அப்பேர்ப்பட்ட நான் சொல்றேன். என் கஷ்டத்தைவிட இவ கஷ்டம் பெருசு. வேலையை இவளுக்குக் குடுங்க.”

பெரியநாயகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ எதிர்வீட்டுக்காரிகள் வந்து சொல்லக் கேட்டிருக்கிறாள். வேண்டியவள் வேண்டியவளுக்குச் சொல்வாள். அதில் பாதியைத் தள்ளித்தான் எடுத்துக்கொள்வாள். ஆகாதவள் சொல்லி அவள் கேட்டது இதுதான் முதல்முறை. தள்ள ஒன்றும் இருக்கவில்லை.

“ஜெயாவுக்குக் குடுக்கலாம்ன்றவங்க கை தூக்குங்க” என்றாள்.

எல்லாக் கையும் உயர்ந்தது. ஜெயப்ரியாவின் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

வெளியே வெயில் ஏறிவிட்டது. கலையரசி விடுவிடுவென்று நடந்தாள். ஜெயப்ரியா பின்னாலேயே ஓடிவந்து ரேஷன் கடை திருப்பத்தில் பிடித்துவிட்டாள். நன்றி கின்றி என்று எதுவும் சொல்லவில்லை.

“எப்பப் பார்த்த?”

“புதன்கிழமை. ஜன்னல்ல.”

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது. செருப்பைக் கையில எடுத்துக்கினு வந்தேன்.”

ஜெயப்ரியா கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். பிறகு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “ஏன்டி இப்படிப் பண்ண? உனக்குக் கிடைக்கட்டும்னுதான நான் அப்படிச் சொன்னேன்?”

“ஏன், நீ ஒருத்தியே நல்லவளா இருக்கணுமா?” என்று சீறினாள் கலையரசி. “எல்லாத்துலயும் நீயே முந்திக்கினா நாங்கெல்லாம் எங்க போறது? போ, மத்தியானமாயிடுச்சு. சோறு ஆறிடும்.”

ஜெயப்ரியா கண்ணைத் துடைத்தாள். பூவைச் சரிசெய்துகொண்டாள். வேகமாகத் தெருவைக் கடந்து வீட்டுக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

கலையரசி வீட்டுக்குள் வந்து தட்டு வைத்தாள். சோறும் முருங்கைக்கீரைக் குழம்பும். ராமராஜன் கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான். குழம்பை ஊற்றிப் பிசைந்தான். ஐந்து விரலும் சோற்றுக்குள் போய் வந்தன. ஒரு பருக்கை சிந்தியது. அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். கலையரசி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடுப்பு போன நாளிலிருந்து இடுப்பைத்தான் பார்த்திருந்தாள். இந்த மனுஷனுக்கு இரண்டு கை இருக்கிறது என்பதே இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

“இன்னா ஆச்சு?” என்று மெதுவாகக் கேட்டான்.

“அவளுக்குப் போயிடுச்சு.”

அவன் பிசைவதை நிறுத்தினான். “அப்ப மாகறல்தானா?”

“எந்த மாகறல்? இடுப்புதான்யா போச்சு உனக்கு, கை ரெண்டும் கல்லு மாதிரி இருக்குது இல்ல? நூல் நுனியைப் பிடிச்சிக்கினு மேஸ்திரித்தனம் பண்ணது போதும். நாளையிலருந்து நீயும் குச்சு கட்ற. ஒருத்தி கட்டறதுக்கு ரெண்டு பேர் கட்டினா ரெண்டு கடை வேலை வாங்கலாம்.”

“நானா?” அவன் குரல் இறங்கிப்போனது. வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு கிசுகிசுத்தான். “நான் ஆம்பளைடி. பொம்பளைங்க கட்டற குச்சை நான் கட்டினா தெருவுல சிரிக்க மாட்டாங்களா?”

எதிர்வீட்டுக் கதவைக் கலையரசி திரும்பிப் பார்த்தாள். இந்நேரம் உள்ளே தட்டு மடிக்கு வந்திருக்கும். இன்றைக்குக் காலையில் கலையரசியும் ராமராஜனும் சண்டையே போடவில்லை. கூட்டத்துக்குக் கிளம்புகிற பரபரப்பில் வாய்ப்பு இல்லாமல் போய்விட்டது. ஜெயப்ரியா என்னத்தைச் சொல்லி ஊட்டுவாள்?

“இன்னா முணுமுணுக்கிற? வாயைத் திறந்து பேசு” என்றாள்.

“தெருவுல கேக்கும்டி.”

“கேக்கட்டும்! சத்தமாச் சொல்லுய்யா! குச்சு கட்ட மாட்டியா நீ? கட்ட மாட்டியா?” வாசல்படி வரைக்கும் போய் நின்றுகொண்டு, கையில் கரண்டியோடு, தெருவே அதிரும்படி அவள் கத்தினாள். “பெரிய துரை! பட்டுநூலைத் தொட்டா கை கூசுதா உனக்கு?”

ராமராஜனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவன் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்கு மேலே ஒரு பங்கு குரலை உயர்த்திப் பதிலுக்குக் கத்த ஆரம்பித்தான்.